மெராவாவில் குடியிருப்பவர்

திருமூர்த்தியின் இடது காதிலிருந்து நீண்டிருந்த நரைமுடியைக் கோகிலவாணி சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டாமல் இருக்கப் பாடுபட்டபடியே எதிரில் மாட்டியிருந்த ஒப்பாடியோடு பேசிக்கொண்டிருந்தான். ஆள் உயரக் கண்ணாடி அது. அதற்குள்ளே இன்னொரு திருமூர்த்தி உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டச்சுக்காரன் மறுபடியும் விலையைக் கொறைக்கச் சொல்றான்," என்றான் உள்ளே இருந்தவன்.

"கொறைச்சுப் போடு. ஆனா லோடு சேத்தி எடுக்கோணும்னு சொல்லு."

"நானும் அதையேதான் சொன்னேன்."

"பின்ன எதுக்குடா என்னைக் கேக்கற?"

"வாராவாரம் கேக்கோணும்னு சட்டம்டா."

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். சிரித்ததில் கத்தரி காதில் உரசியது.

"சித்த கம்முனு இருங்க மாமா. காது போயிரும்," என்றாள்.

வெளியே இருந்தவன் காதைத் தடவிக்கொண்டான். ஒரு கணம் கழித்து உள்ளே இருந்தவனும் தடவிக்கொண்டான். அவன் காதில் முடி இல்லை. தொப்பையும் இல்லை. பதிவு செய்த அன்று எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான்.

"எனக்கும் வெட்டி உடு அம்முணி," என்றான் அவன்.

"உங்களுக்கு அங்க என்ன மொளைக்குது வெட்டறதுக்கு," என்றாள் அவள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒத்திசைவு அத்துடன் முடிந்தது. திருமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லோடு ஏற்றுவதைப் பார்த்துவிட்டு வருவதாகக் களத்துக்குப் போனான். நார்த்தூள் குவியல்மேல் சாய்ந்து உட்கார்ந்தவனை ஆட்கள் தூங்குகிறான் என்று நினைத்தார்கள். கோகிலவாணி ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டபோது, வெட்டிய நரைமுடி அவள் சேலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் தொழில் ஆனைமலைக்குப் பக்கத்தில் தேங்காய் நார்த்தூள். மட்டையில் நார் உரித்தபின் மிஞ்சும் தூளை நல்ல தண்ணீரில் அலசி உப்பை இறக்கி, செங்கல்லைப்போலப் பிளாக் அடித்து அனுப்புவார்கள். மண் இல்லாமல் தக்காளி வளர்க்கும் நாடுகளுக்கு அதுதான் மண். சரக்கு ஆனைமலையிலிருந்து போனது. ஆனால் விற்றவர் பெயர் என்ற இடத்தில் மெராவா நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர் இருந்தது. மெராவா வைப்பகத்தில் கணக்கு இல்லாதவர்களுக்குப் பணம் அனுப்ப வாங்குபவர்களின் வங்கிகள் ஒப்புக்கொள்ளாத காலம் அது.

மெராவா நடுக்கடலில் இருந்த தீவு. கடல் ஏறியதில் நிலம் முழுவதும் மூழ்கிப்போனது. மக்கள் கிடைத்த நாடுகளில் குடியேறினார்கள். கொடி மிஞ்சியது, சட்டம் மிஞ்சியது, தண்ணீருக்கடியில் குளிர்ச்சியாக ஒரு கணினிக் கிடங்கு மிஞ்சியது. எந்தப் போரிலும் சேராத நாடு, எல்லோருக்கும் பிடித்த வரி. அதே சமயத்தில், வெறும் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு கம்பெனி நடத்துவதை ஒழிக்க உலக நாடுகள் கூடி ஒரு விதி செய்தன: ஒரு நாட்டில் கம்பெனி வைத்திருப்பவர் அந்த நாட்டில் குடியிருக்க வேண்டும். மூழ்கிப்போன நாட்டில் எப்படிக் குடியிருப்பது என்ற கேள்விக்கு வந்த விடைதான் குடியுரு.

ஒப்பாடியின் முன்னால் சில நாட்கள் உட்கார்ந்தால் போதும். அது கேட்கும், ஆள் பதில் சொல்ல வேண்டும். சொல்லும் பதிலைவிட, சொல்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சொல்லாமல் விழுங்குவதையும் அது அதிகமாகக் கவனிக்கும். கடைசியில் கடலுக்கடியில் ஒருவர் குடியேறியிருப்பார். அவருக்கு முகவரி உண்டு, வரி எண் உண்டு, கம்பெனிக் கூட்டத்தில் ஓட்டு உண்டு. அவர் போடும் கையெழுத்து வெளியே இருப்பவர் போட்டதுதான். இருவரும் விலகிப்போகாமல் இருக்க ஒத்திசைவு. நிர்வாக இயக்குநருக்கு வாரம் ஒருமுறை, மற்ற இயக்குநருக்கு வருடம் ஒருமுறை.

கோயம்புத்தூரிலிருந்து ஜெபராஜ் என்பவன் வந்து இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தான். வெளிநாட்டில் கம்பெனி பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்து தருவதுதான் அவன் பிழைப்பு. பதிவுக்கு நல்ல நேரம் பார்த்து, ஒப்பாடிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துத்தான் தொடங்கினார்கள். கோகிலவாணி முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே ஒப்பாடி கேட்டது:

"நீங்கள் இறந்தபின் உங்கள் குடியுரு என்ன செய்ய வேண்டும்?"

திருமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் கோகிலவாணி முந்திக்கொண்டாள். "நல்ல காரியம் ஆரம்பிக்கற நேரத்துல இதென்ன பேச்சுங்க ஜெபராஜ். அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லுங்க."

"எதாச்சும் சொன்னாத்தான் அடுத்ததுக்குப் போகும்க்கா."

"அப்ப, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க மாமா."

திருமூர்த்தி சிரித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

பதிவு செய்யப்பட்டது என்றது ஒப்பாடி. பிறகு கோகிலவாணியின் முறை வந்தது. அவளிடம் கேள்விகள் குறைவு. பெரும்பாலானவற்றுக்கு, "அவர் என்ன சொல்றாரோ அதுதான்" என்று சொல்லிவிட்டுச் சூடத்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

திருமூர்த்தியின் கருமாதி முடிந்து உறம்பறைச் சனமெல்லாம் ஊருக்குப் போனபின் ஒரு காலையில் களத்து மேஸ்திரி ராக்கியண்ணன் வந்து அலுவலக வாசலில் நின்றார். கையில் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அம்முணி, புது ஆர்டர் வந்திருக்குதுங்க. வழக்கமா போறதுல ரெண்டு மடங்கு. இருக்கற மெசினை வெச்சுட்டு எப்படீங்க அடிக்கறது?"

"யாரு ஒத்துக்கிட்டது?"

அவர் திரையைக் கைகாட்டினார். கோகிலவாணி திரையில் பார்த்தாள். அடியில் திருமூர்த்தியின் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தும் இருந்தது.

முதலில் அது பழைய ஆர்டர், தாமதமாக வந்திருக்கிறது என்று நினைத்தாள். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. அவள் மெராவா வைப்பகத்தை அழைத்தாள். திரையில் வந்த அதிகாரி அட்டேவு என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டார். அவர் பேசும் மொழியை ஏதோ ஒரு கருவி தமிழாக்கித் தந்தது.

"உங்கள் துயரத்தை அறிகிறேன், அம்மையீர். ஆனால் திருவாளர் திருமூர்த்தி நலமாக இருக்கிறார். இன்று காலைகூட வைப்பகத்துக்கு வந்திருந்தார்."

"பேரூராட்சியில குடுத்த இறப்புச் சான்றிதழ் அனுப்பியிருக்கறேன். பாத்தீங்களா?"

"பார்த்தோம். ஆனைமலையில் ஓர் உடல் இறந்திருக்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர் மெராவாவில் குடியிருப்பவர். மெராவாவில் இறப்பு எதுவும் பதிவாகவில்லை."

"ஆளே போனப்பறம் அந்த உருவுக்கு என்னுங்க வேலை?"

"வழக்கமாக, மூலவர் இறந்தால் குடியுரு நிறுத்தப்படும். பதிவின்போது அதைத்தான் கேட்கிறோம். திருவாளர் திருமூர்த்தி தமக்கு அப்படி ஒன்று நேராது என்று அறிவித்திருக்கிறார். வாடிக்கையாளரின் அறிவிப்பை மீற வைப்பகத்துக்கு அதிகாரம் இல்லை."

அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த முகத்துக்குக் கிண்டல் தெரியாது. அவரும் ஒரு குடியுருதான் என்று ஜெபராஜ் பின்னால் சொன்னான்.

நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று அவள் சென்னைக்குப் போனாள். மெராவாவின் தூதரகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெராவாவின் நிர்வாகக் கப்பல் ஒன்று மூழ்கிய தீவுக்கு மேலே நங்கூரமிட்டிருக்கிறது, அதற்குப் போக அனுமதி வேண்டும் என்று கோகிலவாணி விளக்கினாள்.

"அனுமதி தர முடியாதுங்க. நீங்க ஏற்கெனவே அங்கேதான் இருக்கீங்க. போனதா இருக்கு, திரும்பி வந்ததா இல்ல."

"நான் உங்க முன்னாடி உக்காந்திருக்கறனே."

"தெரியுதுங்க," என்றாள் அந்தப் பெண், வருத்தத்தோடு. "ஒரே ஆளை ரெண்டு தடவை உள்ள விடறதுக்கு வழி இல்லை."

ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்தன. மெராவாவில் போட்ட கையெழுத்து இந்தியாவிலும் செல்லும் என்று இரு நாட்டு ஒப்பந்தம் இருந்தது. களமும் இயந்திரங்களும் களத்தை ஒட்டிய வீடும் அந்தக் கம்பெனியின் கிளைச் சொத்து. வந்த பணம் மெராவாக் கணக்கில் சேர்ந்தது. கூலிக்கும் மின்கட்டணத்துக்கும் வேண்டியதை மட்டும் அங்கிருந்து ஒழுங்காக அனுப்பி வைத்தார்கள். திருமூர்த்தி உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் நடந்தது. ஒரே ஒரு வித்தியாசம். முன்பு அவன் உடம்பு களைத்துப்போகும். களைத்தால் ஆர்டர் வேண்டாம் என்பான். கடலுக்கடியில் இருந்தவனுக்குக் களைப்பு இல்லை. ராக்கியண்ணன் இரண்டு வேளை ஆள் வைத்து இயந்திரத்தை ஓட்டினார். பெண்கள் களத்திலேயே சாப்பிட்டார்கள்.

கம்பெனிக் கூட்டத்தைப் பார்க்க மூல இயக்குநருக்கு உரிமை உண்டு என்று தெரிந்ததும் கோகிலவாணி ஒப்பாடியைத் திறந்தாள். அதன்மேல் போட்டிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவன் இருந்தான். பக்கத்தில் பட்டுச்சேலையில் அவளே உட்கார்ந்திருந்தாள். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்கள்.

"வா அம்முணி," என்றான் திருமூர்த்தி. "எங்க அவனை? வாரக்கணக்கா ஒத்திசைவுக்கே வரமாட்டேங்கறான். சோம்பேறி ஆயிட்டானா?"

அவள் என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே யோசித்து வைத்திருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாம் போய்விட்டது.

"லோடு ஏத்தப் போயிருக்காருங்க," என்றாள்.

"எப்பப் பாரு லோடு. அவங்கிட்டச் சொல்லு, நான் புடிக்கற ஆர்டருக்கு அவன்தான் ஈடு குடுக்கோணும்னு."

"கொஞ்சம் கொறைச்சுப் புடிங்க மாமா. ஆளுங்களால முடியலீங்க."

"அவன் முடியும்பான் பாரு," என்று சிரித்தான். பக்கத்தில் இருந்த கோகிலவாணியும் சிரித்தாள். அவன் சிரித்தால் அவள் சிரிப்பது வழக்கம். வெளியே இருந்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று இதுவரை பார்க்கக் கிடைத்ததில்லை.

ஜெபராஜ் வந்தபோது அவள் டீ கொடுக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

"எனக்குக் களமும் வேண்டாம், கணக்குல இருக்கற பணமும் வேண்டாம்," என்றாள். "அவரு செத்துட்டாருன்னு அங்க ஒத்துக்கோணும். அவரு பேர்ல இனி ஒரு கையெழுத்து விழக்கூடாது. அது போதும் எனக்கு. அழுகக்கூட முடியறதில்ல ஜெபராஜ். அழுதுட்டுக் கண்ணைத் தொடைச்சா அவரு அனுப்பின ஆர்டர் வந்து நிக்குது."

ஜெபராஜ் கைகளைக் கோத்துக்கொண்டான். "ரெண்டு வழிதான்க்கா இருக்கு. ஒண்ணு, சாரோட உரு தானே ஒத்துக்கிட்டு வெலகணும். அவருகிட்ட விஷயத்தைச் சொன்னா..."

"நீங்க சொல்லுவீங்களா? உங்க சம்சாரம் உங்க முன்னாடி வந்து நின்னு சிரிச்சுட்டு இருக்கையில, நீ செத்துப் போயிட்டேம்மான்னு சொல்லுவீங்களா?"

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "அப்ப ரெண்டாவது. இணை இயக்குநர், கம்பெனியைக் கலைக்கணும்னு ஓட்டுப் போடலாம். போட்டா ரெண்டு உருவும் நின்னுரும். இணை இயக்குநர் நீங்கதான். ஆனா ஓட்டு உங்க உருகிட்ட இருக்கு. உங்க வருஷ ஒத்திசைவு வருதில்ல, அப்ப எல்லாத்தையும் சொல்லிருங்க. அது வேற யாருமில்ல, நீங்களேதான். உங்க பேச்சை நீங்க கேக்க மாட்டீங்களா?"

"நான் எப்பங்க என் பேச்சைக் கேட்டிருக்கறேன்," என்றாள்.

அவன் எழுந்துபோகும்போது வாசலில் நின்று, ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றான். தொடக்க காலத்தில் ஆட்களைக் கடத்திப்போய்க் கத்திமுனையில் ஒத்திசைவு செய்ய வைத்துப் பணத்தை எடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரு பாதுகாப்பு வைத்திருந்தார்கள். வெளியே இருப்பவர் மிரட்டலில் இருக்கிறார், அல்லது மனம் நிலையில் இல்லை என்று குடியுருவுக்குத் தோன்றினால், அது ஒத்திசைவை மறுக்கலாம். மறுத்தால் வெளியே இருப்பவரின் உரிமைகள் எல்லாம் துண்டிக்கப்படும்.

"அழாமப் பேசுங்க," என்றான்.

ஒத்திசைவு நாள் வந்தது. அவள் குளித்து, தலையைப் பின்னி, அழாமல் பேசுவது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே இருந்தவள் தனியாக வந்தாள். முகூர்த்தப் பட்டின் மடிப்புகூடக் கலையவில்லை.

"எளைச்சுட்டியே," என்றாள் உள்ளே இருந்தவள். உடனே அவள் பார்வை கீழே இறங்கிக் கழுத்தில் நின்றது. "தாலிக்கொடி எங்க?"

கோகிலவாணி தொடங்க நினைத்திருந்த இடம் அதுவல்ல. "கருமாதி அன்னிக்குக் கழட்டியாச்சு."

"யாருக்குக் கருமாதி?"

"அவருக்குத்தான்."

"இப்பத்தான் இங்கிருந்து எந்திரிச்சுப் போனாரு. ஏலக்காய் போட்டு டீ வேணும்னாரு. இங்க டீயே கெடையாதுன்னு தெரிஞ்சேதான் கேப்பாரு."

"களத்துல, தூள் குமிமேல சாஞ்சு உக்காந்தாரு. எந்திரிக்கல."

"நீ பாத்தியா?"

"நாந்தான் தலையை மடியில வெச்சிருந்தேன்."

அழுகை வருவதற்கு முன் கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடிப்பது கோகிலவாணியின் பழக்கம். உள்ளே இருந்தவள் கடித்தாள். அதைப் பார்த்து வெளியே இருந்தவளும் கடித்தாள். இரண்டு பேருமே அழவில்லை.

"அந்த நேரத்துல எதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணு பாதி தொறந்திருந்தது. நாந்தான் மூடினேன்."

உள்ளே இருந்தவள் தன் கையை விரித்துப் பார்த்தாள், அவன் கண்ணை மூடிய கை அதுதான் என்பதுபோல. பிறகு கேட்டாள்: "இப்ப என்ன பண்ணோணும்ங்கற?"

"கம்பெனியைக் கலைக்கச் சொல்லி நீ ஓட்டுப் போட்டாப் போதும். நிறுத்திருவாங்க."

"எதை?"

"அவரு உருவை."

"நிறுத்தறதுன்னா?"

கோகிலவாணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்லு. நிறுத்தறதுன்னா என்னன்னு வாயைத் தொறந்து சொல்லு."

"போயிருவாரு. உன்னையும் நிறுத்திருவாங்க. உனக்கு எதுவும் தெரியாது, வலிக்காது."

"நான் போறதப் பத்தி இல்ல. அவரைப் போகச் சொல்லி நான் கையெழுத்துப் போடோணும்ங்கற. நீ மூடினே, சரி. நீ மூடறப்ப அவரு போயிருந்தாரு. நான் மூடறப்ப அவரு என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு இருப்பாரு."

"அது அவரில்ல."

"அப்ப நான் யாரு? என்கிட்ட எதுக்கு வந்து பேசிட்டு இருக்கற?"

வெளியே இயந்திரம் பிளாக்கைத் தள்ளும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"என்னால முடியல," என்றாள் கோகிலவாணி. "அவரு போயாச்சுன்னு ஒரு எடத்துல உக்காந்து அழோணும் எனக்கு. அவ்வளவுதான் கேக்கறேன்."

"புரியுது," என்றாள் உள்ளே இருந்தவள். அவள் குரலில் கோபம் இல்லை. "நீ சொல்றது எனக்குப் புரியாம யாருக்குப் புரியும். ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு உன் பக்கத்துல உயிரோட உக்காந்திருக்காரு. யாரோ ஒருத்தி வந்து, அவரு செத்துட்டாரு, எந்திரிச்சுப் போகச் சொல்லுங்கறா. நீ என்ன பண்ணுவே?"

கோகிலவாணிக்குத் தெரியும். அந்த ஒருத்தியை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள். யோசிக்கக்கூட மாட்டாள்.

உள்ளே இருந்தவள் அவள் முகத்தில் பதிலைப் படித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காத," என்றாள். ஒப்பாடி ஒத்திசைவு மறுக்கப்பட்டது என்று அறிவித்துவிட்டு வெறும் கண்ணாடியாயிற்று. அதில் கொடியில்லாத கழுத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அட்டேவு தாமாகவே அழைத்தார்.

"மெராவாவில் குடியிருக்கும் திருமதி கோகிலவாணி வாக்குமூலம் அளித்திருக்கிறார், அம்மையீர். தம் மூலவரின் மனம் நிலையில் இல்லை என்று. காரணம் எதையும் அவர் குறிப்பிடவில்லை. விதிப்படி உங்கள் இயக்குநர் உரிமைகள் துண்டிக்கப்படுகின்றன. இனி வைப்பகத்தின் பார்வையில் கோகிலவாணி என்பவர் அவர் மட்டுமே."

"அப்ப நான் யாருங்க?"

"அதையும் அவர் யோசித்திருக்கிறார். உங்கள்மீது அவருக்கு மிகுந்த அக்கறை. உங்களைக் கம்பெனியின் களப் பொறுப்பாளராக நியமிக்கப் பரிந்துரைத்திருக்கிறார். மாதச் சம்பளம் உண்டு, மருத்துவச் செலவு உண்டு. வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் இருக்கிறது. அதைத் தாமே நேரில் சொல்ல விரும்புகிறார்."

அட்டேவு இருந்த இடத்தில் உள்ளே இருந்தவள் வந்தாள். அவசரமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பேசினாள். அவன் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறான் போலிருந்தது.

"வெள்ளிக்கெழமையானா அவரு கேக்கறாரு, அவன் எங்கேன்னு. என்னால சமாளிக்க முடியல. எனக்குப் பொய் வராது, உனக்கே தெரியும். நீ வந்து சொல்லோணும். லோடு ஏத்தப் போயிருக்காரு, நல்லா இருக்காருன்னு. வாரம் ஒருவாட்டி வந்து சொன்னாப் போதும்."

"எனக்கு மட்டும் பொய் வருமா?"

"ஒருவாட்டி சொன்னயே. நம்பிட்டாரே."

"மாட்டேன்னா?"

"மாட்டேன்னா அவருகிட்ட உண்மையச் சொல்லோணும். சொன்னா அவரு என்ன பண்ணுவாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்தவன் பேர்ல கையெழுத்துப் போடறது தப்புன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. நேர்மைன்னா அவருக்கு அப்படி." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நீ வெளியில இருக்கறே. கதவு உன் கையிலதான் இருக்குது. தொறக்கோணும்னா தொற."

வெள்ளிக்கிழமை வந்தது. கோகிலவாணி ஒப்பாடியின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொல்லிவிடுவது என்றே உட்கார்ந்தாள். சொன்னால் முடிந்துவிடும். ஆர்டர் நின்றுவிடும், களத்துப் பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள், அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து அழலாம். ஒரு வாக்கியம்தான். அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது.

திருமூர்த்தி வந்தான். பின்னால் அவள் வந்து நின்றாள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு.

"நீயாச்சும் வந்தியே," என்றான். "அவன் வரலயா?"

கோகிலவாணி அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் இருந்தவள் தரையைப் பார்த்தாள்.

"ஏன் அம்முணி, பேசமாட்டேங்கற? அவனுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

அவன் முகத்தில் கவலை வந்தது. அந்தக் கவலையை அவள் அறிவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனின் முகம் அது. ஒப்பாடி அதையும் எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தது.

"ஒண்ணுமில்லீங்க மாமா," என்றாள். "லோடு ஏத்திட்டு இருக்காரு. நல்லா இருக்காரு."

"நெசமாவா?"

"நெசந்தாங்க."

கவலை போய்விட்டது. "அப்ப சரி. சாயங்காலம் லாரி வரும், அடுத்த லோடுக்கு. அடிச்சு வெக்கச் சொல்லு," என்றான். பின்னால் நின்றவள் நிமிர்ந்து வெளியே இருந்தவளைப் பார்த்தாள். நன்றி சொல்வதுபோலத் தலையை அசைத்தாள்.

லாரி சாயங்காலத்துக்கு முன்பே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ராக்கியண்ணன் இயந்திரத்தின் பக்கத்தில் காத்திருந்தார்.

"மெசின் போட்டறலாமுங்களா அம்முணி? டிரைவர் அவசரப்படறான்."

கோகிலவாணி செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினாள். குனிந்து ஒரு கைப்பிடித் தூளை அள்ளி, இறுக்கி, விரல்களை விரித்தாள். தூள் உதிரவில்லை. உருண்டை உள்ளங்கையில் அப்படியே நின்றது. அவள் அதை ராக்கியண்ணனிடம் நீட்டினாள்.

"இன்னொரு வெயில் வேணுமுங்க," என்றார் அவர்.

"நிக்கட்டும் லாரி," என்றாள்.

ஈரத்தோடு அடித்த பிளாக் கப்பலில் பூஞ்சணம் பிடித்து உடையும். தூள் காய வேண்டும், அதற்கு வெயில்தான் வேண்டும்; கடலுக்கடியில் போடும் கையெழுத்தால் அது காயாது.